விலாசம் எழுதிய இறுவட்டு

பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ஒரு பழைய கணினியைப் பஸ்ஸில் ஏற்றிப் பதுளை டவுனுக்குக் கொண்டுவருகிறவர், திருத்தும் கடையில் முதலில் சொல்வது "ஃபோமட் அடிக்கணும் தம்பி" என்பதுதான். உள்ளே எவ்வளவு ரேம் இருக்கிறது, எந்த வருடத்துப் புரொசசர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது, கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்டது, தோட்டப் பாடசாலைக்கு நன்கொடையாக வந்தது என்று ஒவ்வொரு மெசினும் ஒவ்வொரு வழியாக மலையேறியிருக்கும். 256 மெகாபைட் ரேமோடு ஒரு பென்டியம் 4 இருக்கும். பக்கத்து மேசையில் 2 கிகாபைட் ரேமோடு ஒரு கோர் 2 டுவோ இருக்கும். இரண்டுக்கும் ஒரே பணிசெயல் முறைமை பொருந்தாது. கடையில் என்றால் அலமாரி நிறைய இறுவட்டு உண்டு, பொருந்துவதை எடுத்துப் போடலாம். நமுனுகுலை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடசாலைக்குப் போய்ப் பார்க்கிறவர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பல முறைமைகளை ஒரே இறுவட்டில் அடக்கி, கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வந்து "எது வேண்டும்?" என்று கேட்கச் செய்யும் வேலை இப்படிப்பட்ட இடங்களில்தான் உண்மையான தேவையாகிறது. அந்த வேலை உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதில் எனக்கு ஓர் ஆசையும் உண்டு. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் "பணிசெயல் முறைமை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் எழுதுகிறார்கள். ஆனால் வாழ்நாளில் பார்த்தது விண்டோஸ் ஒன்றை மட்டும்தான். ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு அது கணினியின் ஒரு பகுதி என்றே தோன்றும், கழற்றி மாற்றக்கூடிய மென்பொருள் என்று தோன்றாது. ஒரே மெசினில் பத்து நிமிட இடைவெளியில் நான்கு முறைமைகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்த வரைவிலக்கணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அளவுக் கணக்கு. சாதாரண இறுவட்டு 80 நிமிட இசை பிடிக்கும். விநாடிக்கு 75 துண்டு என்று கணக்கிட்டால் மொத்தம் 3,60,000 துண்டு. ஒவ்வொன்றிலும் 2,048 பைட் தரவு. பெருக்கினால் 73 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பைட். நாம் 700 மெகாபைட் என்று சொல்வது இதைத்தான். விநாடிக்கு 56 கிலோபிட் இழுக்கும் டயல்-அப் தொடர்பில், ஒரு நொடிகூட அறுபடாமல் போனாலும், இதை இறக்க 29 மணித்தியாலம் வேண்டும். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு மெயிலில் ஏறினால் ஏறத்தாழ பத்து மணித்தியாலத்தில் பதுளை. அதாவது அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய இறுவட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் தூங்கியபடி வந்தவர், இணையத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாகத் தரவைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இன்னொரு வழி தபால். மார்க் ஷட்டில்வர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் முறைமையின் இறுவட்டுகளை உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அனுப்பி வந்தது. ஷிப்இட் என்ற அந்தத் திட்டம் 2011-இல் நிறுத்தப்பட்டது. கேட்டு எழுதினால் போதும், காசு வேண்டாம். ஆனால் ஒரு விலாசம் வேண்டும். தனி விலாசம் இல்லாத தோட்டத்துப் பிள்ளை அந்த இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. பாடசாலை விலாசத்தையோ டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தையோ கொடுக்க வேண்டியிருந்தது. விலாசம் பற்றிய இந்தப் பேச்சு பின்னால் மறுபடி வரும்.

இனி மெசினுக்குள் போவோம். சுவிட்சைப் போடும் நொடியில் ரேம் வெறுமையாக இருக்கிறது. புரொசசருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குறித்த ஓர் இடத்திலிருந்து முதல் கட்டளையை எடுத்து ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் தாய்ப்பலகையின் சிப்பிலுள்ள பயோஸ் காத்திருக்கிறது. அது விசைப்பலகையையும் நினைவகத்தையும் சோதித்துவிட்டு, அடுத்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று தேடும். நெகிழ்வட்டு, வன்தட்டு என்றால் விதி எளிமையானது. முதல் 512 பைட்டை எடுத்து ரேமில் 31,744-ஆவது இடத்தில் வை. கடைசி இரண்டு பைட் 85, 170 என்று இருந்தால் அதற்குள் குதி. அவ்வளவுதான்.

இறுவட்டு இந்த விதிக்குள் அடங்கவில்லை. அதன் துண்டு 512 பைட் இல்லை, 2,048. மேலும் 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரம் இறுவட்டின் முதல் 16 துண்டை, அதாவது 32,768 பைட்டை, எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருந்தது. 1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸும் ஐபிஎம்மும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். அதற்கு எல் டொரிட்டோ என்று பெயர். அதை எழுதிய பொறியியலாளர்கள் உட்கார்ந்து பேசிய கலிஃபோர்னியா உணவகத்தின் பெயர் என்பார்கள்.

எந்த பூட் இறுவட்டையும் எடுத்து, பைட் பைட்டாகக் காட்டும் ஒரு மென்பொருளில் திறந்து பாருங்கள். துண்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். 16-ஆம் துண்டில் இறுவட்டின் பெயரும் கோப்புறைப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்ற விபரமும் இருக்கும். அடுத்தது 17-ஆம் துண்டு. அதன் தொடக்கத்தில் எல் டொரிட்டோ என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்து கண்ணை நகர்த்தினால் பெரும்பகுதி சுழியம். துண்டின் தொடக்கத்திலிருந்து 71 பைட் தள்ளி மட்டும் நான்கு பைட்டில் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். பூட் அட்டவணை எந்தத் துண்டில் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. அந்தத் துண்டுக்குப் போனால் 32 பைட், 32 பைட்டாகப் பதிவுகள். முதல் பதிவு சரிபார்ப்பதற்கு. அது நாம் மேலே பார்த்த அதே 85, 170-இல் முடிகிறது. இரண்டாவது பதிவின் முதல் பைட் 136 என்றால் "இதிலிருந்து தொடங்கலாம்" என்று அர்த்தம். அதே பதிவில் எந்தத் துண்டிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற விபரமும் இருக்கும். பயோஸ் இந்த மூன்று தாவலைத் தாவி முதல் நிரலைப் பிடிக்கிறது.

எல் டொரிட்டோவை எழுதியவர்கள் பல முறைமைகள் உள்ள இறுவட்டையும் அப்போதே நினைத்துப் பார்த்திருந்தார்கள். அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கலாம், எது வேண்டும் என்று பயோஸே கேட்கலாம் என்று தரத்தில் இடம் உண்டு. பயோஸ் செய்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. முதல் பதிவை எடுத்து ஓட்டுவதோடு நிறுத்திக்கொண்டன. ஆகவே தெரிவுசெய்யும் பொறுப்பு பயோஸிடமிருந்து கீழே இறங்கி, முதலில் ஓடும் சிறிய நிரலின் தலையில் விழுந்தது.

அந்தச் சிறிய நிரல்களில் இறுவட்டுக்கென்றே எழுதப்பட்டது ஐசோலினக்ஸ். எச். பீட்டர் ஆன்வின் 1994-இல் தொடங்கிய சிஸ்லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தொடக்கத்தில் ஓர் அழகான சிக்கல் இருக்கிறது. பயோஸ் அதன் முதல் 2,048 பைட்டை மட்டும்தான் ரேமுக்குள் வைக்கிறது. மீதியைத் தானே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தான் இறுவட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறோம் என்பது அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்? எழுதியவருக்கும் தெரியாது, இறுவட்டை உருவாக்கும் கடைசி நேரத்தில்தான் அந்த இடம் முடிவாகிறது. இதற்குக் கண்ட தீர்வு, இறுவட்டின் பிம்பத்தைத் தயாரிக்கும் மென்பொருளே ஐசோலினக்ஸ் கோப்பைத் திறந்து, அதன் 8-ஆவது பைட்டுக்குப் பின் 56 பைட் இடத்தில் அதன் சொந்த விலாசத்தை எழுதிவிடுவது: நீ இந்தத் துண்டில் தொடங்குகிறாய், உன் நீளம் இவ்வளவு, உன் கூட்டுத்தொகை இது. கண் திறந்ததும் தன் விலாசத்தைத் தன் உடம்பிலேயே வாசித்துத் தெரிந்துகொள்ளும் நிரல். பிம்பம் தயாரிக்கும்போது அந்த ஒரு தெரிவைக் கொடுக்க மறந்தால் இறுவட்டு கறுப்புத் திரையிலேயே நின்றுவிடும்.

இதுவரை வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் ஒவ்வொரு முறைமைக்கும் மூன்று வரி எழுதினால் பட்டியல் தயார்: அதன் பெயர், அதன் மையக் கருவான கேர்னல் கோப்பு இருக்கும் பாதை, அதனோடு ஏற்ற வேண்டிய தொடக்க ரேம் வட்டு. திரையில் பட்டியல் அழகாக வரும், அம்புக் குறியால் மேலும் கீழும் போகலாம். ஒன்றைத் தெரிவுசெய்தால் கேர்னல் ஓடத் தொடங்கும், எழுத்துகள் கடகடவென்று ஓடும், பிறகு ஓரிடத்தில் "கோப்பு முறைமையைக் காணவில்லை" என்று நிற்கும். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் நிற்கிறது? பட்டியல் ஓடும்வரை இறுவட்டை வாசித்துக் கொடுத்தது பயோஸ். லினக்ஸ் கேர்னல் பொறுப்பை எடுத்ததும் பயோஸைக் கைவிட்டுவிடுகிறது; இயக்க நிலை மாறிவிடுவதால் அந்தப் பழைய சேவைகளை அது பயன்படுத்துவதில்லை. இறுவட்டு இயக்கி எங்கே இருக்கிறது என்பதையே அது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். தன்னை எந்த இறுவட்டிலிருந்து எடுத்தார்கள் என்ற நினைவுகூட அதற்கு இல்லை. கையில் இருப்பது கேர்னலும் அந்தச் சிறிய ரேம் வட்டும் மட்டும். மீதி முறைமை முழுவதும் ஒரே பெரிய சுருக்கிய கோப்பாக இறுவட்டில் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்கும் பொறுப்பு ரேம் வட்டிலுள்ள ஒரு சிறிய நிரலுக்கு. அது ஒவ்வொரு இயக்கியாகத் திறந்து, தனக்குத் தெரிந்த பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பார்க்கும். உபுண்டு "காஸ்பர்" என்ற கோப்புறையைத் தேடும். டெபியன் "லைவ்" என்பதை. க்னோப்பிக்ஸ் தன் பெயரிலேயே ஒன்றை. ஃபெடோரா கோப்புறையைப் பார்ப்பதற்கு முன் இறுவட்டின் பெயரையே பார்க்கும்.

ஒவ்வொரு முறைமையும் இறுவட்டு முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்து எழுதப்பட்டது. உபுண்டுவையும் லுபுண்டுவையும் ஒரே இறுவட்டில் வைத்தால் இரண்டும் "காஸ்பர்" என்றே கேட்கும். தோட்டத்து லயங்களுக்குக் கடிதம் வரும் விதத்தை அறிந்தவருக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். பெயர், தோட்டம், டிவிசன், இவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டத்து ஒஃபிசுக்கு வரும். ஒரே டிவிசனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய வங்கிக் கடிதம் மற்றவருடைய காம்பராவில் திறக்கப்படும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி முடிந்த பிறகு கைக்கு வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்குத் தனி விலாசம் இல்லாதது பெரிய அநியாயம். பல இடங்களில் அது இன்னும் தீரவில்லை.

இறுவட்டில் இதைத் தீர்ப்பது சுலபம். ஒவ்வொரு முறைமையையும் தனித்தனிக் கோப்புறைக்குள் வைத்து, கேர்னலை எழுப்பும்போதே அதன் காதில் போடும் வரியில் பாதையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். காஸ்பரும் டெபியனும் இதற்கென்று ஒரு தெரிவை வைத்திருக்கின்றன, க்னோப்பிக்ஸ் வேறு பெயரில் ஒன்றை வைத்திருக்கிறது. ஃபெடோராவுக்கு இறுவட்டின் பெயர், உள்ளே கோப்புறையின் பெயர் என்று இரண்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓர் இறுவட்டுக்கு ஒரே பெயர்தான் இருக்க முடியும். அந்தப் பெயரை நாம் மாற்றி வைத்துவிட்டால் ஃபெடோரா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே வீட்டைக் காணவில்லை என்று சொல்லும். பட்டியலில் அந்த வரியைத் திருத்தாமல் விடுவதுதான் பல முயற்சிகள் தோற்பதற்குக் காரணம்.

ஃபெடோராவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டனிஷ்க நவின் முன்னின்று உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் அதன் வழிவந்தது. கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஹந்தானை மலையின் பெயரைக் கொண்ட அந்த முறைமை, இலங்கைப் பாடசாலைகளை மனதில் வைத்துக் கல்வி மென்பொருள்களோடு வந்தது. இணையம் எட்டாத இடத்தில் மென்பொருளைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்வதில் பயனில்லை, எல்லாம் வட்டிலேயே இருக்க வேண்டும் என்பதை உணர்ந்து செய்த வேலை அது. ஊவாவின் தோட்டப் பாடசாலைக்குப் பல முறைமை வட்டொன்று செய்தால் அதில் ஓரிடம் இதற்குக் கொடுக்கலாம். ஆனால் டிவிடி வேண்டும். 700 மெகாபைட்டில் அது அடங்காது.

700 மெகாபைட்டில் என்னென்ன அடங்கும்? க்னோப்பிக்ஸை உருவாக்கிய ஜேர்மனியர் கிளவுஸ் க்னோப்பர், ஏறத்தாழ 2 கிகாபைட் மென்பொருளைச் சுருக்கி ஒரே இறுவட்டில் ஏற்றிக் காட்டினார். தேவைப்படும் துண்டை மட்டும் அப்போதைக்கப்போது விரித்துக் கொடுக்கும் உத்தி அது. இன்று அந்த வேலையை ஸ்குவாஷ்எஃப்எஸ் செய்கிறது. 2009-இல் லினக்ஸ் கேர்னலுக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் க்னோப்பிக்ஸ் ஒன்றே வட்டை நிரப்பிவிடும். சின்ன முறைமைகளைத் தெரிந்தெடுப்பதுதான் புத்தி. டேம் ஸ்மால் லினக்ஸின் பழைய பதிப்பு 50 மெகாபைட். ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் பழைய பதிப்புகளில் 100 மெகாபைட் அளவு. டைனி கோர் அதைவிடவும் மிகச் சிறியது. பழைய டொஸ் மென்பொருள்களுக்கு ஃப்ரீடொஸ். கூடவே ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட். அது சில நூறு கிலோபைட்தான், ஆனால் நன்கொடையாக வந்த மெசின்களில் முதலில் ஓட்ட வேண்டியது அதைத்தான். ரேம் பழுதான மெசினில் எந்த முறைமையைப் போட்டாலும் குற்றம் முறைமையின் மேல்தான் விழும்.

இடம் மிச்சம் பிடிக்க ஓர் உத்தி உண்டு. ஐஎஸ்ஓ 9660-இன் கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதப்படுவது அது எந்தத் துண்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதுதான். இரண்டு பெயர்கள் ஒரே துண்டைக் காட்டினால் தடை சொல்ல யாருமில்லை. ஆகவே பல விண்டோஸ் பதிப்புகளை ஒரே டிவிடியில் சேர்த்தவர்கள், ஒரே மாதிரியான கோப்புகளை ஒருமுறை மட்டும் எழுதி எல்லாப் பதிப்புக்கும் அதையே காட்டினார்கள். பட்டியலில் கூட்டிப் பார்த்தால் வட்டின் கொள்ளளவைத் தாண்டியிருக்கும், உண்மையில் பாதிதான் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் முறைமைகளில் இந்த உத்தி பலிக்காது. உள்ளே ஒரே கோப்புகள் இருந்தாலும் ஒவ்வொரு முறைமையும் தன்னுடைய எல்லாவற்றையும் ஒரே சுருக்கிய கோப்பாக மூடி வைத்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் பொதுவானது எதுவும் தெரியாது.

விண்டோஸைப் பற்றிச் சுருக்கமாக. இந்தக் கூட்டத்தில் அது சேர மறுக்கும் முறைமை. தன் கோப்புகள் வட்டின் முதல் நிலையிலேயே, தான் சொன்ன பெயரில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். உரிமம் இல்லாத பிரதியை ஏற்றிய வட்டைப் பாடசாலைக்குக் கொடுப்பது எந்த வகையிலும் சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்கு முதல் பாடமே களவாக இருக்கக் கூடாது; இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பது இவ்வளவு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

திருத்தும் கடையொன்றில் கேட்கக்கூடிய பேச்சு இது.

"சேர், இதுல ரேம் 256-தான் இருக்கு. விண்டோஸ் 7 போட்டா இழுக்காது."

"இழுக்காட்டிப் பரவாயில்ல தம்பி. புள்ளைங்க தமிழ்ல டைப் அடிச்சுப் பழகணும், அது போதும்."

"பப்பி போட்டா ஓடும் சேர். ஆனா தமிழ் எழுத்து அதுல இல்ல, நம்மதான் சேர்க்கணும்."

அந்தத் தம்பி சொல்வது சரி. சின்ன முறைமைகள் சின்னதாக இருப்பதற்கு ஒரு காரணம், தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துருவை விட்டுவிட்டதுதான். சேர்ப்பது கடினமில்லை. சுருக்கிய கோப்பை ஒரு கோப்புறைக்குள் விரித்து, லோஹித் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டு, மறுபடி சுருக்க வேண்டும். தட்டெழுத்துக்கு எம்17என் என்ற தொகுப்பு வேண்டும். அதில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை தனியாகவே இருக்கிறது. தமிழகத்தின் தமிழ்99 பழகியவருக்கு அது வேறாகத் தெரியும், ஆனால் இங்கே அரச அலுவலக வேலைக்குப் போகப்போகும் பிள்ளைக்குப் பழக வேண்டியது அதுதான்.

தமிழ் இன்னோர் இடத்திலும் உதைக்கும்: பட்டியல் திரையில். ஐசோலினக்ஸ் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டு 256 வடிவங்களுக்குள் வேலை செய்வது. தமிழ் அதற்குள் வராது. பின்னால் வந்த கிரப் 2 யூனிகோட் எழுத்துருவை ஏற்கும், ஆனால் எழுத்துகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சேர்க்கத் தெரியாது. "கொழுந்து" என்று எழுதினால் முதல் எழுத்தே குலைந்து நிற்கும், கொம்பு இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்காது. முழு முறைமை ஓடத் தொடங்கிய பிறகு இந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள் செய்துகொடுக்கின்றன; பட்டியல் வரும் கட்டத்தில் அவை ஒன்றும் இல்லை. ஆனாலும் தமிழ்ப் பிள்ளை முதலில் பார்க்கும் திரை தமிழில் இருக்க வேண்டும். வழி இதுதான்: 640-க்கு 480 அளவில் ஒரு படத்தை வரைந்து, "எழுதவும் கணக்குப் பார்க்கவும்", "மிகப் பழைய மெசினுக்கு", "ரேம் சோதிக்க" என்று தமிழில் அந்தப் படத்திலேயே எழுதி, ஐசோலினக்ஸின் பின்னணியாக வைக்க வேண்டும். தெரிவு வரிகளில் 1, 2, 3 என்ற இலக்கங்கள் மட்டும். வரிகள் படத்திலுள்ள சொற்களுக்கு நேராக வந்து விழும்படி பட்டியலின் இடத்தை ஒன்றிரண்டு முறை நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். முறைமையின் பெயரைவிட அது எதற்கு என்பதை எழுதுவது நல்லது. பப்பி, டைனி கோர் என்ற பெயர்களால் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை.

இறுவட்டிலிருந்து நேரடியாக ஓடும் முறைமை மெதுவாகத்தான் ஓடும். வன்தட்டின் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ ஏறத்தாழ 10 மில்லிவிநாடி எடுத்தால், இறுவட்டின் ஒளிக்கதிர்த் தலைக்கு 100 மில்லிவிநாடி வேண்டும். ஒரு மென்பொருளைத் திறக்க நூறு தாவல் தேவைப்பட்டால் பத்து விநாடி அதிலேயே போய்விடும். பப்பி இதற்கு நல்ல வழி கண்டது. போதிய ரேம் இருந்தால் தன்னை முழுவதுமாக ரேமுக்குள் பிரதியெடுத்துக்கொள்ளும், பிறகு இறுவட்டைத் தொடவே தொடாது. அதனால் வட்டை வெளியே எடுத்து அடுத்த மெசினில் போடலாம். ஒரே வட்டால் ஆய்வுகூடத்தின் எல்லாக் கணினிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிவிடலாம், வன்தட்டே இல்லாத மெசின் உட்பட. கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்பது உண்மைதான். 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அழிவது அன்றைய எழுத்துதான், முறைமைக்கு ஒன்றும் ஆகாது. வாசிக்க மட்டும் முடிந்த வட்டின் பலம் அதுதான்: வைரஸ் எழுத முடியாது, பிள்ளை தவறுதலாக அழிக்க முடியாது, கரண்ட் இடையில் போய்க் கோப்பு முறைமை குலையாது.

வட்டுக்கு எதிரி கீறல். அதையும் எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். நாம் 2,048 என்று சொல்லும் துண்டு வட்டின்மேல் உண்மையில் 2,352 பைட் இடம் பிடிக்கிறது. அதில் 288 பைட் பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கியது. அதற்குக் கீழே இசை வட்டிலிருந்தே வந்த இன்னோர் அடுக்குத் திருத்தமும் இருக்கிறது. இரண்டையும் தாண்டி ஒரு துண்டு கெட்டால், சுருக்கிய கோப்பில் அந்தத் துண்டோடு சேர்ந்து அதைச் சுற்றியிருக்கும் முழுத் தொகுதியும் வாசிக்க முடியாமல் போகும். ஆகவே வட்டை மெதுவான வேகத்தில் ரைட் பண்ணி, எழுதியதை மறுபடி வாசித்துச் சரிபார்த்த பிறகே கையில் கொடுக்க வேண்டும்.

இறுவட்டு இயக்கி இல்லாத மடிக்கணினிகள்தான் இப்போது வருகின்றன, பென் டிரைவ் வட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. பயோஸும் போய் யுஇஎஃப்ஐ வந்தது. 2020-இல் வெளிவந்த வென்டோய் இந்த வேலையை மிகச் சுலபமாக்கிவிட்டது. அதை ஒருமுறை பென் டிரைவில் நிறுவிவிட்டு, இறுவட்டுப் பிம்பங்களான ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா பிரதிபண்ணிப் போட்டால் போதும், பட்டியல் தானே வரும். ஆனால் உள்ளே அதே பழைய சிக்கல்தான். விழித்தெழும் கேர்னலுக்குத் தன் ஐஎஸ்ஓ எங்கே என்று தெரியாது. வென்டோய் அந்த ரேம் வட்டுக்குள் தன் நிரலொன்றை நுழைத்து, பென் டிரைவின் எந்தெந்தப் பகுதிகளில் அந்த ஐஎஸ்ஓ கிடக்கிறது என்ற வரைபடத்தைக் கையில் கொடுத்து, அதை ஒரு தனி வட்டாகவே தோன்றச் செய்கிறது.

2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத ஏராளமான நல்ல மெசின்கள் இனிக் கழிக்கப்படும், அவற்றில் ஒரு பகுதி பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேரும். அவை பெரும்பாலும் 64 பிட் மெசின்கள், பெரும்பாலான புதிய லினக்ஸ் முறைமைகள் ஓடும். கவலை அவற்றைவிடப் பழைய 32 பிட் மெசின்களைப் பற்றியது. 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான கேர்னலையும் நிறுவியையும் கைவிட்டுவிட்டது. ஆகவே பழைய பென்டியம் 4 இன்னும் ஓடும் பாடசாலைக்குப் போகிறவர் தம் பட்டியலில் டெபியன் 12-இன் 32 பிட் பிம்பத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அதற்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும்.